1944 கொலை வழக்கு: எங்கள் தாத்தா உண்மையிலேயே அங்கே இருந்தாரா?

புரசை மீனா
செவ்வாய், இரவு 9:40

இங்கே படிக்க மட்டும் வருகிறவள் நான். இன்றைக்கு ஒரு உதவி வேண்டும், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் மகன் விஸ்காம் கடைசி வருடம். கல்லூரிக்குப் பதினைந்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்துத் தர வேண்டும். வேறு கதையே அகப்படாத மாதிரி எங்கள் தாத்தாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். என் அப்பாவின் அப்பா. கீழ்ப்பாக்கம் நியூடோன் ஸ்டூடியோவில் லைட் பாயாகச் சேர்ந்து, பிறகு கோடம்பாக்கத்தில் லைட்மேனாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். கார்பன் விளக்குச் சூடு பட்ட தழும்பு இரண்டு கையிலும் இருக்கும்.

எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை இது. சினிமாக்காரர்களைப் பற்றிக் கண்டபடி எழுதிய பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கத்திக்குத்துப் பட்டாரே, அதைத் தாத்தா கண்ணால் பார்த்தார். பிராட்வே டாக்கீஸ் வாசல். இரண்டாவது ஆட்டம் விட்டு ஜனம் வெளியே வருகிறது. படம் ஹரிதாஸ். மழை கொட்டுகிறது. ரிக்‌ஷா. நாலு பேர். ஒருவன் கையில் கத்தி. தாத்தா தூணுக்குப் பின்னால் நிற்கிறார். இதில் விசேஷம், ஹரிதாஸுக்கு லைட் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். "நான் லைட் போட்ட படத்து வாசலிலேயே அந்தக் கொலையைப் பார்த்தேன்" என்பாராம்.

"என்பாராம்" என்றுதான் எழுத முடிகிறது. அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா சொல்லியும் சித்தப்பா சொல்லியும் கேட்டதுதான். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது இந்தக் கதை கட்டாயம் வரும். வருடத்துக்கு வருடம் மழை பலத்துக்கொண்டே போகும்.

பையன் எழுதிய ஸ்கிரிப்டில் முதல் காட்சியே மழையும் கத்தியும்தான். இதில் சிக்கல், எங்கள் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை, எழுபத்தாறு வயது. இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னதும், "அந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுக்காதே" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். காரணம் கேட்டால் சொல்லவில்லை.

தாத்தா கதை எந்த அளவுக்கு நிஜம்? இதை எங்கே போய்ச் சரிபார்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பேரி வாசி
செவ்வாய், இரவு 10:15

அம்மா, மனசு கஷ்டப்படாமல் கேளுங்கள். இடமே தப்பு.

அது நடந்தது வேப்பேரி ஜெனரல் காலின்ஸ் ரோட்டில். தேதி 1944 நவம்பர் 8. பகல் நேரம். லட்சுமிகாந்தன் வேப்பேரியில் தன் வக்கீலைப் பார்த்துவிட்டுக் கைரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தார், வழியில் குத்திவிட்டார்கள். அந்த இடத்திலேயே சாகவில்லை. ரத்தம் வழிய வக்கீல் வீட்டுக்கே திரும்பிப் போய், போலீஸிலும் புகார் கொடுத்து, அப்புறம்தான் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் 9ஆம் தேதிதான் உயிர் போனது.

பிராட்வேக்கும் ஜெனரல் காலின்ஸ் ரோட்டுக்கும் நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷனே இருக்கிறது. தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்க முடியாது. நவம்பர் மாசம் என்பதால் மழையை மட்டும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

பழைய ரீல்
செவ்வாய், இரவு 10:52

அண்ணன் சொன்னது சரி. இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஹரிதாஸ் சென்னையில் எடுத்த படமே இல்லை, கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்தது. டைரக்‌ஷன் சுந்தர் ராவ் நட்கர்னி. கீழ்ப்பாக்கத்து லைட் பாய் அதற்கு லைட் போட்டிருக்க வழியில்லை.

ஆனால் மீனா, இதில் உங்கள் வீட்டார் வேண்டுமென்றே புளுகினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் படம் 1944 அக்டோபர் 16 தீபாவளிக்கு வந்தது. பிராட்வே தியேட்டரில் அப்படியே ஓடி அடுத்த தீபாவளியையும் பார்த்தது, அதற்கடுத்த தீபாவளியையும் பார்த்தது. கொலை நடந்தது ரிலீஸாகி மூன்று வாரத்தில். டிசம்பர் கடைசியில் அந்தப் படத்து ஹீரோ தியாகராஜ பாகவதர் இந்தக் கொலை வழக்கில் கைதாகிறார். ஹீரோ ஜெயிலில், படம் பிராட்வேயில் ஹவுஸ்ஃபுல். அந்தக் காலத்து வடசென்னைக்காரர் யாரைக் கேட்டாலும் கொலை, பாகவதர், ஹரிதாஸ், பிராட்வே எல்லாம் ஒரே மூட்டையாகத்தான் ஞாபகத்தில் இருக்கும். என் பாட்டியும் அப்படித்தான். "மன்மத லீலையை" பாட்டு ஓடும்போதுதான் போலீஸ் தியேட்டருக்குள் வந்து அவரைப் பிடித்தது என்று சாகும்வரை சாதித்தாள்.

லைட் வேலை மட்டும் நிஜமாக இருக்கலாம். யுத்த காலத்தில் ஃபிலிம் தட்டுப்பாடு, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு. படங்களே குறைந்துபோயின. அந்த நிலையிலும் நியூடோனில் வேலை நடந்தது. புரசைவாக்கத்துப் பையனுக்கு நடக்கிற தூரம்.

உதவி இயக்குநர் 2008
புதன், காலை 7:30

எல்லாரும் சேர்ந்து பையன் கதையைக் கொன்றுவிட்டீர்கள். தம்பி, இந்தப் பெரிசுகள் பேச்சைக் கேட்காதே. மழை, ரிக்‌ஷா, தியேட்டர் வாசல், உள்ளேயிருந்து கசிகிற பாட்டு, வெளியே கத்தி. இதைவிட நல்ல ஓபனிங் கிடைக்குமா? ஜெனரல் காலின்ஸ் ரோட்டில் பகல் வெயிலில் எடுத்தால் யார் பார்ப்பார்கள்? "உண்மைச் சம்பவங்களைத் தழுவியது" என்று கார்டு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இரு. பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், தழுவல் என்றால் எவ்வளவு தழுவலாம் என்று எனக்குத் தெரியும்.

கோர்ட் வாசல்
புதன், காலை 9:05

தழுவும்போது கொஞ்சம் பார்த்துத் தழுவுங்கள். வக்கீல் என்கிற முறையில் சிலது சொல்கிறேன்.

வழக்கு ஹைகோர்ட்டில் ஜூரி முன்பு நடந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடு, இவர்களோடு வேறு சிலரும் குற்றவாளிக் கூண்டில். லட்சுமிகாந்தன் எழுதியதுதான் கொலைக்குக் காரணம் என்பது அரசுத் தரப்பு. நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கலைவாணருக்கும் 1945 மே மாதம் தீவாந்திர தண்டனை. அப்போது அந்தமான் ஜப்பான்காரன் கையில் இருந்தது, அனுப்ப முடியாது, இங்கேயே ஜெயில். ஹைகோர்ட் அப்பீல் தள்ளுபடி. அந்தக் காலத்துக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், வழக்கு மறுபடி ஹைகோர்ட்டுக்கே வந்து, 1947 ஏப்ரலில் இரண்டு பேரும் விடுதலை. கடைசிக் கட்டத்தில் வாதாடியவர் வி.எல். எத்திராஜ். மறுவருடம் எழும்பூரில் பெண்கள் கல்லூரி ஆரம்பித்தாரே, அவரேதான்.

ஆகவே சட்டப்படி அவர்கள் நிரபராதிகள். படத்தில் அவர்கள் ஆள் அனுப்பிக் குத்தச் சொன்னதாகக் காட்டினால் அது தழுவல் இல்லை. இறந்துபோனவரைப் பற்றி அவதூறாகச் சொன்னாலும், அது அவர் குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தில் இருந்தால், குற்றம்தான். பழைய ஐபிசி 499, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடக்கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது, 1994இல் சுப்ரீம் கோர்ட் நக்கீரன் பக்கம் நின்றது. ஒருவருடைய சொந்த வாழ்க்கை, குடும்பம், கல்யாணம் இதையெல்லாம் அவர் சம்மதம் இல்லாமல் எழுத முடியாது. ஆனால் கோர்ட் ஆவணம் மாதிரிப் பொது ஆவணத்தில் ஏறியதை எழுதலாம். சுருக்கம் இவ்வளவுதான். பையன் தீர்ப்பில் இருப்பதைத் தைரியமாக எடுக்கலாம், சொந்தத் தாத்தா கதையையும் எடுக்கலாம். இரண்டையும் ஒட்டுவதற்குப் பசை தேடும்போதுதான் ஆபத்து.

ராயபுரம் செல்வி
புதன், காலை 11:20

குடும்பக் கதை என்றால் எங்கள் தெருவுக்கு வாருங்கள். ஆளவந்தார் தலையை என் பெரியம்மா பார்த்தாள், எதிர்வீட்டு ஆயா பார்த்தாள், பக்கத்து வீட்டில் மூன்று பேர் பார்த்தார்கள். 1952 ஆகஸ்டில் ராயபுரம் கடற்கரையில் அவ்வளவு கூட்டம் இருந்திருந்தால் கொலைகாரர்கள் தலையைப் புதைத்திருக்கவே முடியாது.

தெரியாதவர்களுக்கு: ஆளவந்தார் பேனா வியாபாரி. உடம்பு மட்டும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட் மெயில் ரயிலில் போய் மானாமதுரையில் அகப்பட்டது. தலை எங்கள் கடற்கரையில். இரண்டும் ஒரே ஆளுடையதுதான் என்று மெடிக்கல் காலேஜ் டாக்டர் ஒட்டிவைத்துச் சொன்னார். குற்றவாளிகள் புருஷன், பெண்டாட்டி. அவனுக்கு ஏழு வருடம், அவளுக்கு மூன்று.

இதில் எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம் ஒன்று. எங்கள் தெருவில் தலையைப் பார்த்தவர்கள் அத்தனை பேர். அந்தப் பெண்ணோடு குழாயடியில் பேசினேன், அவள் வீட்டில் காபி குடித்தேன் என்று சொன்னவர் ஒருத்தர் இல்லை.

பழைய ரீல்
புதன், பகல் 12:10

செல்வி, கடைசி வரிக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு.

சினிமாக் குடும்பத்தையே எடுத்துக்கொண்டால் 1967 ஜனவரி 12 இருக்கிறது. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். கழுத்தில் கட்டோடு இருந்த எம்.ஜி.ஆர். படம்தான் அந்தத் தேர்தலுக்கு போஸ்டர். ராதா ஜெயிலுக்குப் போய் வந்து மறுபடி நடித்தார், பிள்ளைகளும் நடிக்க வந்தார்கள், அவர்களிடம் யாரும் தோண்டித் துருவிக் கேட்கவில்லை. பேர் பெற்ற குடும்பம் தாங்கிக்கொள்ளும். லைட்மேன் குடும்பம் என்ன செய்யும்?

வேப்பேரி வாசி
புதன், பகல் 2:45

ஒன்று கேட்கிறேன், யாரும் கோபப்படக்கூடாது. செத்த மனுஷனைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லையே? லட்சுமிகாந்தன் யோக்கியர் இல்லை, சரி. போர்ஜரி கேஸில் அந்தமான்வரை போய் வந்தவர். சினிமா தூது என்று பத்திரிகை ஆரம்பித்து, நடிகர் நடிகைகளின் படுக்கையறையை எழுதி, எழுதாமல் இருக்கவும் காசு வாங்கியவர். பாகவதரும் மற்றவர்களும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்து லைசென்ஸை ரத்து செய்ய வைத்தார்கள். அவர் சும்மா இருக்காமல் இந்து நேசன் என்கிற பத்திரிகையை வாங்கி அதே கடையை மறுபடி திறந்தார். எல்லாம் சரி. அதற்காக நடுரோட்டில் குத்தலாமா? எழுபது எண்பது வருடமாக "பாவம் பாகவதர்" என்றுதான் பேசுகிறோம். குத்தியது யார் என்று இன்றுவரை யாருக்கும் அக்கறை இல்லை.

உதவி இயக்குநர் 2008
புதன், பகல் 3:02

அண்ணே, அந்தப் பத்திரிகை எத்தனை நடிகைகளின் வாழ்க்கையைக் கெடுத்திருக்கும்? அவர்கள் பேர் எந்தத் தீர்ப்பிலும் வராது. எனக்கு அந்த ஆள்மேல் இரக்கம் வரவில்லை.

வேப்பேரி வாசி
புதன், பகல் 3:10

இரக்கம் கேட்கவில்லை தம்பி. அதை வாங்கிப் படித்தது யார்? ரகசியமாகப் பத்துக் கை மாறி வாசித்த ஊர் இது. என் தாத்தா பீரோவில் அரிசி மூட்டைக்கு அடியில் ஒரு கட்டு இருந்ததாக அப்பா சொல்வார். அதைப் பார்த்தேன் என்று மட்டும் எந்தக் குடும்பத்திலும் கதை இல்லை.

கோர்ட் வாசல்
புதன், மாலை 6:30

மீனா அவர்களின் கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. தீர்ப்புகள் சட்ட இதழ்களில் அச்சாகியிருக்கின்றன, ஹைகோர்ட்டில் பழகிய எந்த வக்கீலைப் பிடித்தாலும் எடுத்துத் தருவார். அன்றைய தினசரிகளுக்குக் கன்னிமாரா நூலகம். பழைய சினிமாப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வீடு நிறையச் சேர்த்ததை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, ஊரைவிட்டு வெளியே கொண்டு போகாமல் இங்கேயே வைத்தது. அரசு ஆவணத்துக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், கடிதம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பையனைப் பழைய கமிஷனர் ஆபீஸ் கட்டடத்தில் இருக்கும் போலீஸ் மியூசியத்துக்கும் ஒரு நடை அனுப்புங்கள், அந்தக் காலத்து உடுப்பாவது சரியாக வரும்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதற்கெல்லாம் முன்னால் அத்தையிடம்தான் போவேன்.

புரசை மீனா
சனி, இரவு 11:25

எல்லோருக்கும் நன்றி. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அத்தை வீட்டில்தான் இருந்தேன். முதல் நாள் முழுக்க அவளுக்கு முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள் மத்தியானம், நான் கேட்காமலேயே, "பையன் என்னத்தை எடுக்கப் போறான்?" என்றாள். நீங்கள் எழுதியதைச் சொன்னேன். பிராட்வே இல்லை, வேப்பேரி. ராத்திரி இல்லை, பகல். ஹரிதாஸ் இங்கே எடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அப்புறம், "உங்க தாத்தா எதையும் பார்க்கலடி" என்றாள்.

என் தாத்தாவுக்கு ஒரு அண்ணன். பெரிய தாத்தா என்று ஒருவர் இருந்ததே எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவர் கம்பாசிட்டர். அச்சகத்தில் ஈய எழுத்து கோர்க்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், இழவுக் கடிதம் எல்லாம் பகலில். 1944இல் சில மாதம் ராத்திரி வேலையும் வந்தது, கூலி அதிகம். ராத்திரி கோர்த்தது லட்சுமிகாந்தன் பத்திரிகையை.

அண்ணனும் தம்பியும் ஒரே வீடு, ஒரே உலை. தம்பி ஸ்டூடியோ வேலை முடிந்து வருவார், அண்ணன் ராத்திரி வேலைக்குக் கிளம்புவார். நடுவில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு. தாத்தாவுக்கு அப்போது பதினெட்டு வயது. செட்டில் பார்த்ததையெல்லாம் சொல்லுவார். யார் லேட்டாக வந்தார், யார் யார் காரில் ஏறினார், மேக்கப் ரூமில் யார் அழுதார். அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்பார். ஒருநாள் ஸ்டூடியோவில் அந்தப் பத்திரிகையைக் கூட்டமாக நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவும் எட்டிப் பார்த்தார். போன வாரம் அவர் வீட்டில் சொன்ன விஷயம், கிட்டத்தட்ட அவர் சொன்ன மாதிரியே அதில் இருந்தது.

அண்ணன்தான் கொண்டுபோய்க் கொடுத்தாரா, வேறு யாராவது சொன்னார்களா, அதே செட்டில் இருந்த நாற்பது பேரில் ஒருவரா, தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. கேட்கவும் இல்லையாம். கேட்டுவிட்டால் அவர் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். ஒரு மாதத்தில் கொலை. அப்புறம் போலீஸ் விசாரணை ஊரெல்லாம். தாத்தா ஒரு வாரம் ஜுரம் என்று படுத்துவிட்டார். ஸ்டூடியோவில் என்னடா ஆச்சு என்று கேட்டதற்கு, "குத்தினதைப் பார்த்துட்டேன், பயந்துட்டேன்" என்று வாயில் வந்ததைச் சொன்னாராம். அங்கே ஆரம்பித்த கதைதான் எங்கள் கல்யாணப் பந்திவரை வந்தது.

அத்தை சொன்னது, அவள் சொன்னபடியே: "பார்த்தேன்னு சொல்றது சுலபம்டி. நான்தான் சொன்னேன்னு எப்படிச் சொல்லுவாரு?"

அண்ணன் தம்பி அதற்கப்புறம் பேசிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினார்கள். கிணறு மட்டும் பொது. பாட்டிதான் இதை அத்தையிடம் சொன்னாளாம், யாரிடமும் சொல்லாதே என்று.

பையன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். ராத்திரி ஸ்கிரிப்டைக் கிழிக்கவெல்லாம் இல்லை, அவன் லேப்டாப்பில் அல்லவா எழுதுகிறான். மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டான்.

பழைய ரீல்
சனி, இரவு 11:58

இரண்டு தடவை படித்தேன். நாற்பது பேர் நிற்கிற செட்டில் லைட் பாயைத்தான் யாரும் கவனிக்கமாட்டார்கள். மேலே பரணில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதே கீழே இருப்பவர்களுக்கு மறந்துபோகும்.

உதவி இயக்குநர் 2008
ஞாயிறு, காலை 8:40

ஒத்துக்கொள்கிறேன், மழையைவிட இது நல்ல கதை. ஆனாலும் தொழில்முறையில் கேட்கிறேன்: சாப்பாட்டுத் தட்டும் பேச்சும் மட்டும் பதினைந்து நிமிடம் தாங்குமா? எதையாவது பார்க்கக் காட்ட வேண்டுமே. கத்தி இல்லையென்றால் என்ன காட்டுவான்?

டிரெடில் மாமா
ஞாயிறு, காலை 10:15

கையைக் காட்டட்டும்.

நான் திருவல்லிக்கேணியில் முப்பத்தெட்டு வருடம் அச்சகம் நடத்தியவன், அதில் பாதி கம்பாசிட்டராகவே. கம்பாசிட்டர் படிக்கமாட்டான், கோர்ப்பான். இடது கையில் ஸ்டிக், எழுத்தை வரிசையாக அடுக்குகிற சட்டம். வலது கை, எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைத்திருக்கும் கேஸுக்குப் போகும் வரும், கண் கைப்பிரதியில் இருக்கும். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திரும்பி இருக்கும். தமிழுக்குக் கேஸ் பெரிது, கொம்பு, கால், சுழி எல்லாவற்றுக்கும் தனித்தனி அறை. ஒரு வரி முடிந்தால் இடைவெளிக்கு ஈயத்துண்டு போட்டு இறுக்கி, கேலி என்கிற தட்டுக்கு மாற்றி, மை தடவி புரூஃப் எடுத்தால்தான் வாசகமே நேராகத் தெரியும்.

அம்மா, ஒன்று சொல்கிறேன். அந்தப் பெரியவர் கோர்க்கும்போது விஷயம் கைப்பிரதியாகத்தான் வந்திருக்கும், வேறு யார் கையெழுத்திலோ. தம்பி வீட்டில் சொன்ன பேச்சு கைப்பிரதியில் இருப்பதை அவரும் அங்கேதான் முதலில் பார்த்திருக்கலாம். அப்படியும் இருந்திருக்கலாம் அல்லவா? தம்பி மட்டும்தான் பயந்தார் என்று எதை வைத்துச் சொல்வது? அச்சாபீஸ் கூலிக்காரன் இதைக் கோர்க்கமாட்டேன் என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்காது.

கோர்ட் வாசல்
ஞாயிறு, பகல் 12:30

மாமா சொன்னதைக் கவனியுங்கள். பெரிய தாத்தாதான் தகவல் கொடுத்தார் என்று படத்தில் காட்டினால், அவர் வாரிசுகளுக்கு நீங்களே ஒரு லட்சுமிகாந்தன் ஆகிவிடுவீர்கள். அந்தக் கிளையில் யாராவது இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

புரசை மீனா
ஞாயிறு, இரவு 8:05

கேட்டுவிட்டேன்.

பெரிய தாத்தாவின் பேரன் அம்பத்தூரில் இருக்கிறார். எனக்கு அண்ணன் முறை. வீட்டை விற்றபோது வந்த சண்டைக்குப் பிறகு பதினெட்டு வருடமாகப் பேச்சில்லை. நம்பரை அத்தைதான் கொடுத்தாள், அவளிடம் இருந்திருக்கிறது! நான் பேர் சொன்னதும் இரண்டு நிமிடம் மௌனம். அப்புறம், "சாப்டியாம்மா?" என்றார்.

விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அத்தை சொன்னதை அப்படியே போட்டு உடைக்கவில்லை. லட்சுமிகாந்தன் கேஸ், பையன் படம் எடுக்கிறான், உங்கள் தாத்தா அச்சகத்தில் இருந்தாராமே என்று இழுத்தேன். அவர் உடனே சொல்கிறார்: "ஆமா, எங்க தாத்தா அந்தக் கொலையை நேர்ல பார்த்தவரு, உனக்குத் தெரியாதா?"

அவர்கள் வீட்டிலும் இதே கதை! பார்த்தது அவர்கள் தாத்தா. இடம் வேப்பேரி, அதை மட்டும் சரியாக வைத்திருக்கிறார்கள். அச்சகத்துக்குப் புரூஃப் எடுத்துக்கொண்டு போகிற வழியில். மழை அப்படியே இருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய தாத்தா அதற்குப் பிறகு எப்படி இருந்தார் என்று கேட்டேன். அச்சுக்கூட வேலையை விட்டுவிட்டு, மிச்ச நாள் முழுக்க ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினாராம். வீட்டில் எந்தப் பத்திரிகையும் வாங்கக்கூடாது என்பது அவர் சட்டம். ஆனால் கோர்க்கிற ஸ்டிக்கை மட்டும் எறியவில்லை. இவர்கள் சின்ன வயதில் அதை வைத்துத்தான் நோட்டில் கோடு போடுவார்களாம். இன்னும் இருக்கிறதாம், பூஜை ரூம் பரணில்.

டிரெடில் மாமா
ஞாயிறு, இரவு 8:40

ஸ்டிக் இருக்கிறதா! துருப்பிடித்திருந்தால் தேய்க்க வேண்டாம், மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போடச் சொல்லுங்கள். என்னிடம் அரைக் கேஸ் பத்து பாயிண்ட் எழுத்து பழைய இரும்புக்கு விற்காமல் கிடக்கிறது. பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேமராவை அப்புறம் எடுக்கட்டும், முதலில் அவன் பேரைக் கோர்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். "ழ" எந்த அறையில் இருக்கிறது என்று கை தானாகப் போக ஒரு வாரம் ஆகும்.

புரசை மீனா
ஞாயிறு, இரவு 9:10

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு வருகிறோம் மாமா. அம்பத்தூர் அண்ணன் ஸ்டிக்கோடு நேராக அங்கே வந்துவிடுகிறேன் என்றார். அத்தையும் வருகிறேன் என்கிறாள். மாடிப்படி அதிகமா?

டிரெடில் மாமா
ஞாயிறு, இரவு 9:14

ஆறு படி. பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது.